சிலம்பரசனுக்குப் பொன்னுக்கு வீங்கிய பதினைந்து நாட்கள்

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருப் பக்கம் யாராவது செத்தால் முதல் போன் பந்தல்காரருக்குப் போகும். இரண்டாவது போன் சிலம்பரசனுக்கு. காது குத்தினாலும், பெண் பெரியவளானாலும், கல்யாணம் என்றாலும், கட்சியில் யாருக்காவது வட்டப் பொறுப்பு கிடைத்தாலும் அதே கதைதான்.

சிலம்பரசன் பிரேம்குமாரின் ஃபிளெக்ஸ் கடையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறார். படத்தை வெட்டி ஒட்டுவதும் பின்னால் ரோஜாப்பூவை வைப்பதும் எந்தக் கடையிலும் நடப்பதுதான். ஆனால் அடுக்குமொழி எழுதுவதற்கு ஊரில் அவரை விட்டால் ஆளில்லை. 'மாலை மாற்ற மணமக்கள் ரெடி, வாழ்த்த வராவிட்டால் விழும் அடி' என்று அவர் எழுதிய பேனரைப் பார்த்துவிட்டு, அழைக்காத வீட்டிலிருந்தெல்லாம் கல்யாணத்துக்கு ஆள் வந்ததாகச் சொல்வார்கள். காதுகுத்துக்கு, 'குத்துவது காதை, காட்டுவது பாசப் பாதை.' சாவுக்கு, 'அன்பின் இமயமே, அணைந்துவிட்ட உதயமே.' இந்தக் கடைசி வரியை மட்டும் நானே இருபது தெருமுனைகளில் படித்திருக்கிறேன்.

நாற்பத்து மூன்று வயது. ஒல்லியான ஆள். சிரித்தால் மட்டும் குக்கர் விசில் போல ஆரம்பித்து இருமலில் போய் முடியும். அந்தச் சிரிப்பைக் கேட்டே, ஆள் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. காலையில் எழுந்தால் எதுகை, படுத்தால் மோனை. அவருடைய மனைவி செந்தமிழ்ச்செல்வி அங்கன்வாடி டீச்சர். எதற்கும் லேசில் பதறாதவர். ஒருநாள், "பால் வாங்கினீங்களா?" என்று அவர் கேட்க, "பாலும் இல்ல, நாலும் இல்ல, பாக்கெட்டு போட ஆளும் இல்ல" என்று இவர் பதில் சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை. வாய் அப்படித்தான் பேசியது. செந்தமிழ்ச்செல்வி அடுப்பை அணைத்துவிட்டு அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

அதற்கு அடுத்த வாரம்தான் சாமிக்கண்ணு விவகாரம் நடந்தது.

சாமிக்கண்ணு நகராட்சியில் லாரி ஓட்டியவர். முப்பத்தாறு வருட வேலை முடிந்து டிசம்பர் கடைசியில் ஓய்வு பெற்றார். கூட வேலை பார்த்தவர்கள் ஆசையாக ஒரு பேனர் வைக்க வந்தார்கள். அன்றைக்குச் சிலம்பரசன் கையில் ஏற்கெனவே நாலு சாவு. ஐந்தாவதாக இதையும் அதே வேகத்தில் எழுதித் தள்ளினார்.

'முப்பத்தாறு ஆண்டுகள் எங்களோடு ஓடினாய்
இன்று இளைப்பாற ஓரிடம் தேடினாய்
காலியானது உன் இருக்கை
கண்ணீரைத் துடைக்கிறது எங்கள் கை'

நடுவில் சாமிக்கண்ணுவின் படம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. விடிகாலையில் தெருமுனையில் கட்டிவிட்டுப் போனார்கள்.

எட்டு மணிக்கெல்லாம் வாசலில் நாலு மாலை சேர்ந்துவிட்டது. ஐஸ் பெட்டிக்காரர் வந்து, "எந்த ரூம்ல இருக்காங்க?" என்று மெல்லிய குரலில் விசாரித்தார். கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்த சித்தப்பா மகள் மார்பில் அடித்துக்கொண்டே உள்ளே ஓடியபோது, சாமிக்கண்ணு இடுப்பில் துண்டோடு குளியலறையிலிருந்து வெளியே வந்தார். அந்தம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

பத்து மணிக்குச் சாமிக்கண்ணு கழுத்து மாலையோடு ஃபிளெக்ஸ் கடைக்கு வந்துவிட்டார்.

"எனக்கு எழவு எழுதன மகராசன் யாருப்பா?"

சிலம்பரசன் எழுந்து நின்றார்.

"ஓடினேன், சரி. தேடினேன், அதுவும் சரி. ஆனா இன்னும் போவலப்பா! எம்பொண்டாட்டி தாலிய புடிச்சிக்கினு நிக்கிறா. போன எடுத்தா எனக்கே எனக்காக துக்கம் விசாரிக்கிறானுங்க."

சிலம்பரசன் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு மணி நேரத்தில் புது பேனர் தருவதாகச் சொல்லிவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரமும் போயிற்று. திரையில் அந்தக் கோடு கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தையும் வரவில்லை. 'ஓய்வு' என்று அடித்தார். அதற்கு மேல் கை நகரவில்லை. கிணற்றில் வாளியை விட்டு இழுத்தால் வெறும் கயிறு மட்டும் மேலே வருகிற மாதிரி இருந்ததாக என்னிடம் பின்னால் சொன்னார். கடைசியில் பிரேம்குமாரே 'பணி ஓய்வு வாழ்த்துகள்' என்று அடித்துக் கொடுத்து அனுப்பினார்.

அன்றே சிலம்பரசன் லீவு கேட்டார்.

"தை பொறக்குது. முகூர்த்தம் வரிசையா நிக்குது. இப்ப லீவா?" என்றார் பிரேம்குமார். "நீ செத்தாத்தான் உனக்கு லீவு. அதுக்கும் பேனர நீயே எழுதி வச்சிட்டுப் போ."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது செந்தமிழ்ச்செல்வி கோபப்படவில்லை. அரிசி களைந்துகொண்டே யோசித்தார்.

"ஒரு சீக்கு வேணும். காய்ச்சல்னா பிரெட்டும் போனும் எடுத்துக்கினு வந்துடுவாங்க. கால் ஒடஞ்சா, கை நல்லாத்தான இருக்குதுன்னுவாங்க. பேச முடியாத சீக்கா இருக்கணும். ஒட்டிக்கிற சீக்காவும் இருக்கணும்." அரிசியை உலையில் போட்டார். "பொன்னுக்கு வீங்கி."

"அது சின்னப் புள்ளைங்களுக்கு வர்றது செல்வி."

"உங்களுக்கு வந்தா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க."

மறுநாள் சிலம்பரசன் காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் பஞ்சை வைத்து, மஞ்சள் பூசி, தலையோடு துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தார். கழுத்தில் மனைவியின் தங்கச் சங்கிலி. பொன்னைப் போட்டால் வீக்கம் வற்றும் என்று சொல்வார்கள் அல்லவா, அதையும் விடவில்லை.

முதலில் வந்தவர் கோவிந்தராசு. எங்கள் பக்கத்தில் சிமெண்ட், கம்பி விற்கிறவர். அவருடைய மகன் நிலவனுக்கும் கார்குழலி என்ற பெண்ணுக்கும் மாசி முதல் வாரத்தில் கல்யாணம். 'ஊரே அசருற மாதிரி' நாலு வரி வேண்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தார்.

"அண்ணே, அங்கயே நில்லுங்க. ஒட்டிக்கும்" என்றார் செந்தமிழ்ச்செல்வி.

"எனக்கெல்லாம் ஒண்ணும் வராதும்மா. எழுதித் தந்தா போதும்."

செந்தமிழ்ச்செல்வி குரலைத் தாழ்த்தினார். "பெரிய ஆம்பளைங்களுக்கு வந்தா இது கழுத்தோட நிக்காதாம்ணே. கீழ எறங்குதாம். டாக்டர் சொல்றாரு."

உள்ளே வைத்த கால் வெளியே போனது. "ஒடம்ப பார்த்துக்கட்டும், ஒடம்புதான் முக்கியம்" என்று கோவிந்தராசு எதிர்ச்சாரியில் நின்ற ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து சத்தம் போட்டுச் சொன்னார். அதோடு ஆண்கள் யாரும் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஆனால் பெண்கள் வந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றபடி, "அவுங்கள பேச வேணாம்னு சொல்லு. தலைய மட்டும் ஆட்டட்டும். 'வாழ்வு'க்கு 'தாழ்வு' போட்டா அபசகுனமா?" என்று கேட்டார்கள். கீரைக்காரியின் கூவலுக்குக்கூட எதுகை தேடிக்கொண்டு படுத்திருந்தார் சிலம்பரசன். இரண்டாம் நாள் மாலையில் துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, "வீட்ல இருந்தா லீவே இல்ல" என்றார்.

அப்போதுதான், நிஜம் தெரிந்த மரிய அருண் வந்தார். சிலம்பரசனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். பக்கத்திலேயே இருக்கிற மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர்.

"எங்கிட்ட ஒரு ஆளு தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டான். வாளி ஓரத்துல பிசிறு சீவணும், கைப்பிடி மாட்டணும். வர்றியா?"

"அங்க யாராச்சும் கவிதை கேப்பாங்களா?"

"அங்க யாரு இன்னா கேட்டாலும் ஒருத்தர் காதுலயும் விழாது. மெஷின் சத்தம் அப்படி."

சிலம்பரசன் மனைவியைப் பார்த்தார். சீக்காளி தினமும் வெளியே போவதை எப்படி மறைப்பது? மரிய அருண் தன் ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினார். எங்கள் ஊரில் ஹெல்மெட் போட்டவனைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம். "தினம் ஊசி போடக் கூட்டிப் போறாங்க" என்று செந்தமிழ்ச்செல்வி தெருவில் சொல்லி வைத்தார். தெருவும், பாவம் என்றது.

கம்பெனியில் தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க், காதுக்குள் பஞ்சு மாதிரி மஞ்சள் அடைப்பான் எல்லாம் கொடுத்தார்கள். மாறுவேடத்துக்கு அவர் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மெஷின் வாயைத் திறக்கும், சூடான வாளி ஒன்று விழும், மூடும், மறுபடி திறக்கும். எடுத்து ஓரத்தைச் சீவி, கைப்பிடி மாட்டி அடுக்க வேண்டும். முதல் நாள் முழுக்க மெஷினின் தாளத்துக்கு மண்டை பாட்டுக் கட்டியது. வாளி, தாலி, கூலி, ஜோலி. மாலையில் தலைவலியோடு வந்தார். இரண்டாம் நாள் கொஞ்சம் குறைந்தது. நாலாம் நாள் சாப்பாட்டு மணி அடித்தபோதுதான், காலையிலிருந்து ஒரு எதுகைகூட வரவில்லை என்று அவருக்கு உறைத்தது. முதலில் பயந்துபோனார். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். சாம்பாரில் இருந்த முருங்கைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாகச் சாப்பிட்டார். "எத்தன வருசம் ஆச்சு, முருங்கக்கா இன்னா ருசின்னு பார்த்து" என்றார் என்னிடம்.

அவருக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தவர் கன்னியம்மாள். ஐம்பதை நெருங்குகிறவர். கை வாளியில் இருக்கும், கண் எல்லார் மேலும் இருக்கும். சிலம்பரசன் யார் என்று அவருக்குத் தெரியாது. சீவத் தெரியாத புது ஆள் என்ற அளவில்தான் வைத்திருந்தார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு எங்கோ போய்ப் பேனரில் வந்து நின்றது.

"பேனரு! எங்கூட்டுக்காரரு செத்தப்ப தெருமுனையில வச்சானுங்களே" என்றார் கன்னியம்மாள். "'அன்பின் இமயமே'ன்னு போட்டிருந்தான். இமயமாம்! அந்த மனுசன் ரேஷன் கடை வரிசையில நின்னா தலையே தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். சிலம்பரசன் தயிர்சாதத்தைக் கீழே வைத்தார். இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப அவரு எப்டி இருப்பாரு?"

கன்னியம்மாள் யோசிக்கவே இல்லை. "மழ வந்தா மொத ஆளா ஓடும். பக்கத்து வூட்டு துணிய எல்லாம் எடுத்து உள்ள போடும். அதுக்குள்ள எங்க துணி நனஞ்சிடும். நான் கத்துவேன். 'அவுங்க வூட்ல ஆளு இல்லடி'ன்னும். கடைசி வரைக்கும் அப்படித்தான். எங்க துணி காஞ்சதே இல்ல."

அந்த முறை கன்னியம்மாள் மட்டும் சிரித்துக்கொண்டு டப்பாவைக் கழுவப் போனார். சிலம்பரசன் அன்று சாயங்காலம் வரை ஒரு வாளியையே மூன்று முறை சீவிக்கொண்டிருந்தாராம்.

இதற்கிடையில் ஃபிளெக்ஸ் கடையில் பிரேம்குமார் திண்டாடிக்கொண்டிருந்தார். கோவிந்தராசு வேறு தினமும் வந்து நின்றார். கடைசியில் பிரேம்குமார், யாரோ சொன்னார்கள் என்று போனில் கேட்டதை எழுதித் தருகிற செயலியிடம், கல்யாணத்துக்குக் கவிதை கேட்டுப் பார்த்தார். தமிழில் அடிக்கச் சோம்பல்பட்டு இங்கிலீஷில் அடித்தார். பெயர்களையும் அழகாகச் சொல்லச் சொன்னார். அது பெயர்களுக்கே பொருள் சொல்லிவிட்டது. 'சந்திர மனிதனும் கருப்பு முடியும் இணையும் இந்த மகிழ்ச்சியான நிகழ்வுக்கு உங்கள் இருப்பைக் கோருகிறோம்.'

அதைப் படித்ததும் கோவிந்தராசுவின் முகம் சிமெண்ட் நிறத்துக்கு வந்தது. "எம்மவன் இன்னா ராக்கெட்ல வந்தானா? பொண்ணு வூட்ல இதப் பாத்தா சவுரி முடின்னு நெனப்பாங்கய்யா!"

அந்தக் கோபத்தோடு அவர் நேராகப் போன இடம் மேட்டுப்பாளையம். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஆளுக்கொரு சின்ன வாளி கொடுப்பதாக வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். மரிய அருண் அவரை உள்ளே அழைத்து வந்து மாதிரிகளைக் காட்டினார். அச்சு மாற்றுவதற்காக மெஷினை நிறுத்தியிருந்த நேரம் அது. 'சீக்கு' வந்து பதினொன்றாம் நாள். சிலம்பரசன் மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"வாளியில ரெண்டு வரி அடிக்கணும்" என்றார் கோவிந்தராசு. "எழுதறவன் சீக்குல கெடக்கிறான். ஏம்மா, நீ சொல்லேன், இன்னா போடலாம்?"

அவர் கேட்டது கன்னியம்மாளிடம்.

"பேரப் போடு, தேதியப் போடு" என்றார் கன்னியம்மாள், கையை நிறுத்தாமல். "கல்யாணம் எப்டி போனாலும் வாளி ஒழுகாதுன்னு போடு."

மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு குக்கர் விசில் கிளம்பியது. பல மாதமாக அடங்கிக் கிடந்த சிரிப்பு. அடக்க அடக்க ஏறி, கடைசியில் இருமலில் வந்து விழுந்தது.

கோவிந்தராசு திரும்பினார். "டேய் சிலம்பு!"

சொன்ன வேகத்தில் நாலடி பின்னால் போனார். கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு பக்கம், கீழே இறங்குகிற சீக்கு ஒரு பக்கம். பத்தடி தூரத்தில் நின்றபடியே, "இங்க இன்னாடா பண்ற? உனக்கு வீங்கியிருக்குதா, வத்திடுச்சா?" என்றார்.

சிலம்பரசன் கழுத்தைத் தடவிக்கொண்டார். "டாக்டர் பதினஞ்சு நாள் சொல்லியிருக்காருண்ணே. இன்னும் நாலு நாள் ஒட்டும்."

"பொய் சொல்ற."

"கிட்ட வந்து பாருங்க."

கோவிந்தராசு கிட்ட வரவில்லை. மரிய அருண் வாளிகளுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். வேறு வழியில்லாமல் சிலம்பரசன் மாஸ்க்கைக் கீழே இழுத்து, வீக்கம் இல்லாத கழுத்தைக் காட்டிவிட்டு, உள்ளதைச் சொன்னார். ஒரு வார்த்தையும் வராமல் உட்கார்ந்திருந்ததை, சாமிக்கண்ணு மாலையோடு வந்ததை, பயந்துபோனதை. "நாலு நாள் குடுங்கண்ணே. அப்புறம் எழுதறேன். இப்பக் கேட்டீங்கன்னா உங்க மவனுக்கும் எழவுதான் எழுதுவேன்."

கோவிந்தராசு வாயைத் திறப்பதற்குள் அவர் போன் அடித்தது. சமையல்காரர். வைத்தார். மறுபடி அடித்தது. மண்டபம். பிறகு சம்பந்தி. பிறகு, எந்த அத்தையை முதலில் அழைப்பது என்று வீட்டிலிருந்து. போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு தொப்பி குடுப்பா அருணு."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. கோவிந்தராசு அரை மணி நேரத்தில் பதினேழு வாளி சீவினார். அதில் ஆறைக் கன்னியம்மாள் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தார். கிளம்பும்போது அவர் முகம் தெளிந்திருந்தது. வெளியே ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் அவர் அங்கே உட்கார்ந்ததும் தெரிந்துவிடுமே.

கடைசி நாள் சிலம்பரசன் கன்னியம்மாளிடம் போய், "அந்த இமயத்த எழுதனது நான்தாங்க" என்றார்.

கன்னியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வாளிய இவ்ளோ ஒழுங்கா சீவற. அத மட்டும் ஏன் அப்டி உட்ட?"

கடைக்குத் திரும்பியதும் சிலம்பரசன் முதலில் நிலவனையும் கார்குழலியையும் வரச் சொன்னார். ஒருவர் மேல் மற்றவருக்கு என்ன புகார் என்று கேட்டார். இருவரும் மாறி மாறிச் சொன்னதைக் குறித்துக்கொண்டார். பேனர் இப்படி வந்தது:

'நிலவன் எங்கே போனாலும் அரை மணி நேரம் தாமதம்.
கார்குழலி அரை மணி நேரம் முன்பே போய் நிற்பவர்.
இருவரும் ஒரே நேரத்துக்கு வரப்போவது இந்த ஒரு நாள்தான்.
பார்க்க வந்துவிடுங்கள்.'

கோவிந்தராசு கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "நல்லாத்தான் இருக்குது. இதுல எதுகை எங்கடா?"

"லீவுல போயிருக்குதுண்ணே."

முகூர்த்தத்தன்று நிலவன் அரை மணி நேரம் தாமதமாகத்தான் வந்தான். மண்டப வாசலில் பேனருக்கு அருகே காத்திருந்த கூட்டம் கைதட்டி வரவேற்றது. சம்பந்தி வீட்டார் முதலில் முறைத்தார்கள். பிறகு அவர்களும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் அது பிடித்தது என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் இமயம்தான் வேண்டும், உதயம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அதையும் எழுதித்தான் கொடுக்கிறார். ஆனால் அந்த வருட ஆடியில் கன்னியம்மாள் கணவரின் நினைவு நாளுக்குச் சிலம்பரசனாகவே ஒரு சின்ன பேனர் போட்டுக் கொண்டுபோய்க் கட்டினார். 'மழை வந்தால் பக்கத்து வீட்டுத் துணியை முதலில் எடுத்தவர்.' அதற்கு மேல் பெயரும் படமும் மட்டும். பக்கத்து வீட்டம்மா அதன் அடியில் வெகுநேரம் நின்றிருந்ததாக மரிய அருண் சொன்னார்.

இப்போதெல்லாம் வருடத்துக்கு இரண்டு முறை சிலம்பரசனுக்கு ஏதாவது ஒரு சீக்கு வந்துவிடும். எந்தச் சீக்கு என்று செந்தமிழ்ச்செல்வி முடிவு செய்வார். பிரேம்குமாருக்கு விஷயம் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார். ஆள் திரும்பி வந்த பிறகு கடைக்குக் கூட்டம் சேருவதை அவரும் பார்க்கிறார் அல்லவா?

போன ஐப்பசியில் அவருக்குக் கண்வலி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்த வாரம் நான் பெரிய மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போயிருந்தேன். சாமந்தி மூட்டைகளுக்கு நடுவே கருப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நனைத்த வாழைநாரை நகத்தால் மெல்லியதாகக் கிழித்துக்கொண்டிருந்தார். அருகில் போய், "மல்லி முழம் எவ்ளோங்க?" என்றேன்.

அவர் நிமிரவில்லை.

"தெரியாதுங்க. நான் நாரு மட்டும்தான்" என்றார்.